பணத்தாளின் குறைகள் வரலாற்றுச் சான்றுகளாதல்: பிரித்தானிய இந்தியப் பணத்தாள்களை முன்வைத்து

முன்னுரை

நாணயவியல் தமிழக வரலாற்றாய்வில் நிலைபெற்ற துறையாகும். பாண்டியர் காசுகளும் இங்குக் கிடைத்த உரோமானியக் காசுகளும் சங்ககால வணிகத்தை அறிய உதவின. ஆனால் பணத்தாள்களைத் தேடிச் சேர்ப்பது பெரும்பாலும் பொழுதுபோக்காகவே கருதப்படுகிறது. சேகரிப்பாளர் ஒரு தாளை இரண்டு அளவுகோல்களால் மதிப்பிடுகின்றனர். ஒன்று அருமை; மற்றொன்று தாளின் நிலை. இவற்றுள் இரண்டாவது அளவுகோல் குறை என ஒதுக்குவனவற்றில் பல, வரலாற்று நோக்கில் முதன்மைச் சான்றுகள் என்பதை இக்கட்டுரை நிறுவ முயல்கிறது.

அருமையும் நிலையும்

அருமைக்கு நல்ல எடுத்துக்காட்டு 2 ரூபாய் 8 அணாத் தாள். முதல் உலகப்போர்க் காலத்தில் வெள்ளித் தட்டுப்பாடு ஏற்பட்டபோது 1917 நவம்பர் 30 அன்று 1 ரூபாய்த் தாளும், அதனையடுத்து 2 ரூபாய் 8 அணாத் தாளும் வெளியிடப்பட்டன. 1926 ஜனவரியில் இவற்றின் வெளியீடு நிறுத்தப்பட்டது. 1 ரூபாய்த் தாள் 1940இல் மீண்டும் வந்தது, மற்றையது வரவேயில்லை. குறுகிய காலமே வாழ்ந்த அத்தாளைச் சேகரிப்பாளர் இன்றும் தேடுகின்றனர்.

நிலை என்பது தாளின் தூய்மையைக் குறிப்பது. மடிப்பு, கறை, கிழிசல், ஊசித்துளை, எழுத்து ஆகியவை எதுவுமில்லாத தாளே உயர்ந்தது. 70 புள்ளி அளவுகோலில் தரம் குறித்து நெகிழிப்பேழையில் அடைத்துத் தரும் நிறுவனங்களும் உள்ளன. புழக்கத்திற்கே வராத தாள் இவ்வளவுகோலில் முதலிடம் பெறுகிறது. ஆனால் பணம் என்பது கைமாறுவதற்கென்றே பிறந்தது. கைமாறாத தாள் அச்சகத்தின் வரலாற்றைக் கூறுமேயன்றி மக்களின் வரலாற்றைக் கூறாது.

வெட்டி ஒட்டிய தாள்கள்

1861ஆம் ஆண்டுத் தாள் செலாவணிச் சட்டம் பணத்தாள் வெளியிடும் உரிமையை அரசுக்கே உரியதாக்கியது. நாடு செலாவணி வட்டங்களாகப் பிரிக்கப்பட்டது. தொடக்கத்தில் கல்கத்தா, பம்பாய், சென்னை ஆகியவை தலைமை வட்டங்களாக அமைந்தன. ஒரு வட்டத்தின் தாள் அவ்வட்டத்திற்குள் மட்டுமே சட்டப்படி செல்லுபடியாகும். 5 ரூபாய்த் தாள் 1903இலும் (பர்மா நீங்கலாக), 10, 50 ரூபாய்த் தாள்கள் 1910இலும், 100 ரூபாய்த் தாள் 1911இலும் எல்லா வட்டங்களுக்கும் பொதுவாக்கப்பட்டன. விக்டோரியா உருவப்படத்துடன் வந்த முதல் தாள்களில் போலிகள் பெருகியதால் 1867 முதல் புதிய வரிசை வெளியிடப்பட்டது. அதன் மொழிப்பட்டிகள் வட்டத்திற்கேற்ப மாறின. எனவே ஒரு தாளிலுள்ள மொழிகளே அது எந்த வட்டத்திற்கு உரியது என்பதைக் காட்டுவனவாயின.

தொலைவிலுள்ளவர்க்குப் பணம் அனுப்ப அக்காலத்தார் ஒரு வழக்கத்தைக் கைக்கொண்டனர். தாளை நடுவில் இரண்டாக வெட்டி ஒரு பாதியை அஞ்சலில் அனுப்புவர். அது கிடைத்ததாக மறுமொழி வந்த பின்னரே மறுபாதியை அனுப்புவர். வழியில் ஒரு பாதி களவுபோனாலும் திருடியவருக்குப் பயனில்லை. பெற்றவர் இரண்டையும் பின்புறம் தாளொட்டி இணைத்துக்கொள்வார். தாளின் எண் இரண்டு இடங்களில் அச்சிடப்பட்டிருந்ததால் பாதிகளை ஒப்பிட்டுப் பார்க்க முடிந்தது.

இத்தகைய தாளை இன்றைய சந்தை 'பழுது பார்க்கப்பட்டது' எனத் தரம் குறைக்கிறது. ஆய்வாளருக்கோ அவ்வெட்டு ஓர் ஆவணம். நேரான வெட்டு, தற்செயலான கிழிசல் அன்று. அது திட்டமிட்ட செயல். அந்தத் தாள் குறைந்தது இரண்டு முறை அஞ்சலில் சென்றதையும், அனுப்பியவர் களவுக்கு அஞ்சியதையும், அதே வேளையில் அஞ்சல்துறையைச் சார்ந்தே வணிகம் செய்ததையும் அது உணர்த்துகிறது. இரு பாதிகளின் எண்களும் ஒத்திராவிட்டால், இரு வேறு தாள்களின் பாதிகள் ஒன்றாக ஒட்டப்பட்டுள்ளன என்பது புலனாகும்.

ஊசித்துளையும் பின்புற எழுத்தும்

அக்காலத் தாள்கள் ஒருபக்கம் மட்டுமே அச்சிடப்பட்டவை. வெறுமையான பின்புறத்தில் கைமாறியோரின் கையொப்பங்களும் வங்கி முத்திரைகளும் இடம்பெறுவதுண்டு. எந்த ஊரில், எந்த எழுத்தில் ஒப்பமிடப்பட்டது என்பது பணம் சென்ற வழியை ஊகிக்க உதவும்.

ஊசித்துளையும் இவ்வாறே. இந்திய வங்கிகள் தாள்கட்டுகளை நெடுங்காலம் ஊசியாலும் கம்பித்தைப்பாலும் பிணைத்தன. 2001இல் ரிசர்வ் வங்கி இவ்வழக்கத்தைக் கைவிடுமாறு வங்கிகளைப் பணித்தது. ஆகவே துளையுள்ள தாள் ஒரு வங்கி நடைமுறையின் எச்சமாகும். அத்துளை, தாள் ஒரு கட்டின் பகுதியாக இருந்ததைக் காட்டும்.

உயர்ந்த தரம் பெறும் நோக்கில் சிலர் பழைய தாள்களைக் கழுவி, அழுத்தி, துளைகளை அடைக்கின்றனர். பின்புற ஒட்டுத்தாள்களையும் நீக்குகின்றனர். விலையை உயர்த்தும் இச்செயல் சான்றினை அழிக்கிறது. காசின் பச்சைப்படிவைச் சுரண்டக்கூடாது என்பதை நாணயவியலார் முன்பே உணர்ந்துள்ளனர். அதே நெறி தாளுக்கும் பொருந்தும்.

சேகரிப்பாளரின் பொறுப்பு

2016 நவம்பரில் மதிப்பிழந்த 500, 1000 ரூபாய்த் தாள்களைப் பொறுத்து 2017இல் இயற்றப்பட்ட சட்டம், பொதுவாக 10 தாள்களுக்குமேல் வைத்திருப்பதைத் தடைசெய்கிறது. படிப்பு, ஆய்வு, நாணயவியல் ஆகிய நோக்கங்களுக்கு மட்டும் 25 தாள்கள் வரை இசைவளிக்கிறது. ஆய்வாளரையும் சேகரிப்பாளரையும் சட்டமே ஒரே வரிசையில் வைத்திருப்பது கருதத்தக்கது. அவ்விடத்திற்குரிய பொறுப்பும் சேகரிப்பாளரைச் சாரும். தாளின் இருபுறத்தையும் படமெடுத்தல், எண், வட்டம், நாள், ஒப்பம் ஆகியவற்றைக் குறித்தல், வெட்டு, துளை, முத்திரை ஆகியவை அமைந்த இடத்தைப் பதிதல், தாள் கிடைத்த ஊரை எழுதிவைத்தல் என்பன எளியவை, செலவற்றவை. இவற்றால் தனியார் தொகுப்பொன்று பொது ஆவணமாக உயரும்.

முடிவுரை

அரசு வெளியிட்ட சட்டங்களும் அறிக்கைகளும் பணத்தாள் எவ்வாறு புழங்கவேண்டும் என்பதைக் கூறுகின்றன. அது மெய்யாகவே எவ்வாறு புழங்கியது என்பதைத் தாளின் வெட்டும் ஒட்டும் துளையும் கையொப்பமுமே கூறுகின்றன. கடைத்தெருவில் விலைபோகாத அழுக்குத்தாள் ஒன்று கழுவப்படாமல் ஆய்வாளர் கைக்கு வருமாயின், பெயரறியா வணிகர் பலரின் நடைமுறைகளை அறிய அது வழிவகுக்கும். எனவே பணத்தாள் சேகரிப்பில் தூய்மைக்குத் தரும் மதிப்பைப் புழக்கத்தின் தடயங்களுக்கும் தருவது இன்றியமையாததாகும்.