காற்றில் வீசிய வாள்

உடம்பை அசைத்து ஆடினால் வீடியோ கேமில் இன்னும் ஆழமாக ஒன்றிவிடலாம் என்ற நம்பிக்கை பழையது. 1985இல் சேகா நிறுவனத்தில் யூ சுசுகி உருவாக்கிய 'ஹேங் ஆன்' ஆட்டத்தை, கேளிக்கைக் கூடங்களில் ஒரு மாதிரி பைக்கில் ஏறி உட்கார்ந்து ஆடினார்கள். வளைவு வந்தால் வண்டியோடு சாய வேண்டும். சாய்ந்தவரின் எடையை வண்டி தாங்கியது. திரையில் இருந்த பைக்கும் கூடவே சாய்ந்தது. ஆளை ஆட்டத்துக்குள் இழுத்தது இந்தப் பொருத்தம்தான். பொருத்தம் இல்லாத இடத்தில் அசைவு மட்டும் அந்த வேலையைச் செய்வதில்லை என்பதற்குப் பின்னால் வந்த கருவிகளே சாட்சி.

2006இல் வந்த நின்டெண்டோ வீயின் டென்னிஸில், கையை முழுதாக வீசினாலும் சோபாவில் சாய்ந்தபடி மணிக்கட்டைச் சுண்டினாலும் பந்து பறந்தது. 2009இல் வீயின் கைக்கருவியில் பொருத்த வந்த மோஷன்பிளஸ் என்ற துணைக்கருவி கைரோஸ்கோப்பைச் சேர்த்து, கையின் திருப்பத்தைத் துல்லியமாக அறிந்தது. அதை நம்பி 2011இல் வந்த 'ஸ்கைவர்ட் சோர்ட்' என்ற வீ ஆட்டம், எதிரி தடுக்காத பக்கமாகப் பார்த்து வாளை வீசச் சொன்னது. ஆனால் வாள் தடுக்கப்பட்டுத் திரையில் நின்றபோதும், ஆடுபவரின் கை எதிலும் முட்டாமல் காற்றில் போய்க்கொண்டிருந்தது. கருவி துல்லியமானால் எல்லாம் சரியாகிவிடும் என்பவர்களுக்கு இதுவே பதில்: கை எவ்வளவு நுட்பமாகத் திரையோடு இணைகிறதோ, அந்த இணைப்பு அறுவதும் அவ்வளவு உறுத்தும். 2021இல் நின்டெண்டோவின் ஸ்விட்ச் கருவிக்கு வந்த அதன் மறுபதிப்பில், அசைவே இல்லாமல் ஆடும் வழியும் சேர்க்கப்பட்டது.

வீ 10 கோடிக்கு மேல் விற்றதே என்று கேட்கலாம். பட்டன்களைப் பார்த்து மிரண்டவர்களையும் அது ஆட அழைத்தது. அது பெரிய சாதனை. ஆனால் எளிதாக உள்ளே வருவதும், வந்தபின் தன்னை மறப்பதும் வேறு வேறு. பழகிய விரலுக்குப் பட்டனே மறந்துபோகும், அதுவும் ஒன்றிப்போவதுதான்.

அதற்காக அசைவை ஒதுக்கிவிட முடியாது. உடம்பின் அசைவைக் கேமராவால் அறியும் கைனெக்ட் கருவிக்கு 2010இல் வந்த 'டான்ஸ் சென்ட்ரல்' நடனத்தையே கேட்டது. நடனத்துக்குக் கையில் பொருள் வேண்டாம். 2018இல் வெளியான 'பீட் சேபர்' என்ற மெய்நிகர் ஆட்டம் கொடுத்தது ஒளிவாள்கள். பாய்ந்து வரும் கட்டைகளை அவை தடையின்றி ஊடுருவ வேண்டியவை, அதனால் வெறும் காற்றில் வீசும் கைக்கு எதுவும் குறைவதில்லை. தன்னால் தர முடிந்த உணர்வை மட்டுமே உடம்பிடம் கேட்ட ஆட்டங்கள் இவை. அசைவு ஆழம் சேர்த்ததும் இங்கேதான்.