ஹாரனுக்குள் காவேரி

1902 ஜூன் 30 அன்று காவேரியின் சிவசமுத்திரத்தில் புறப்பட்ட மின்சாரம், சுமார் 147 கிலோமீட்டர் கம்பியில் ஓடி, கோலார் தங்க வயலுக்கு வந்து சேர்ந்தது. பெங்களூர் தெருக்களில் மின்விளக்கு எரிய 1905 ஆகிவிட்டது. இந்த மின் திட்டத்துக்காகப் பாடுபட்ட மைசூர் திவான் சேஷாத்ரி ஐயர் 1901-லேயே காலமானார். அதைக் கட்டி முடித்தவர் ஜோலி டி லோட்பினியர் என்ற ராணுவப் பொறியாளர். டர்பைன் சுவிட்சர்லாந்திலிருந்து வந்தது, ஜெனரேட்டர் அமெரிக்காவின் ஜெனரல் எலக்ட்ரிக்கிடமிருந்து.

சுரங்கத்தின் இயந்திரங்களுக்காகத்தான் அந்த மின்சாரம் வந்தது. சுரங்கம் 2001 பிப்ரவரி 28-ல் மூடப்பட்டது. ஆனாலும் தங்க வயலின் ஆண்டர்சன்பேட்டையிலும் மாரிக்குப்பத்திலும் கல்யாணம், சாவு, திருவிழா, கட்சிக் கூட்டம் எதுவானாலும் மைக் செட் இன்றும் வேண்டியிருக்கிறது. மின்சாரத்தின் பயணத்தில் எனக்கு மிகவும் பிடித்த கட்டம் அந்த மைக் செட்டின் ஆம்ப்ளிஃபயர் பெட்டிக்குள் நடப்பதுதான்.

மைக்கில் நுழையும் குரலை ஆம்ப்ளிஃபயர் ஊதிப் பெரிதாக்கி ஹாரன் ஸ்பீக்கரில் விடுகிறது என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். உண்மையில் மைக் தரும் சில மில்லிவோல்ட் ஹாரன்வரை போவதே இல்லை. இதைப் புரிந்துகொள்ளத் தங்க வயலின் சுரங்கக் கூண்டை நினைத்தால் போதும். சாம்பியன் ரீஃப் சுரங்கம் மூன்று கிலோமீட்டருக்கும் மேல் ஆழம் போனது. கீழே ஒருவர் மணி அடிப்பார். மேலே வைண்டிங் என்ஜின் ஓட்டுபவர் அதைக் கேட்டு டிரம்மைச் சுழற்றுவார். ஆட்களோடு கூண்டு ஏறும். கூண்டைத் தூக்கும் பலம் என்ஜினுடையது. எப்போது ஏற வேண்டும், எங்கே நிற்க வேண்டும் என்பதை மணி சொல்லும். ஆம்ப்ளிஃபயரில் மைக்கின் வேலையும் அவ்வளவுதான். ஹாரனில் கேட்கும் பலம் முழுக்க சுவர் பிளக்கிலிருந்து வருவது.

அந்த மின்சாரம் முதலில் டிரான்ஸ்ஃபார்மரில் இறங்குகிறது, டயோடுகளில் ஒரே திசைக்குத் திரும்புகிறது. இன்றைய மின்சாரம் வினாடிக்கு 50 சுற்று; டயோடு தாண்டியதும் அது 100 மேடுகளாகிறது. பெரிய கெபாசிட்டர்கள் மேடுகளுக்கு நடுவிலுள்ள பள்ளத்தை நிரப்பும். அவை வயதாகித் தளர்ந்தால் ஹாரனில் 'உம்' என்ற இரைச்சல் ஏறும். சிவசமுத்திரத்தின் முதல் ஜெனரேட்டர்கள் 25 சுற்று மின்சாரம் தந்தவை. அதில் இன்றைய ஆம்ப்ளிஃபயரைச் செருகியிருந்தால் டிரான்ஸ்ஃபார்மரின் இரும்பு திணறிச் சூடேறியிருக்கும்.

இன்னொரு பக்கத்திலிருந்து குரல் வருகிறது. முதல் சில டிரான்சிஸ்டர்கள் அதன் வோல்ட்டேஜை உயர்த்துகின்றன. கடைசியில் நிற்பது ஒரு ஜோடி பவர் டிரான்சிஸ்டர். ரிப்பேர் செய்பவர்கள் நன்கறிந்த 3055 இந்த இடத்துக்கானது. அலையின் மேல்பாதியை ஒன்றும் கீழ்ப்பாதியை மற்றொன்றும் ஏற்று, சேமித்த மின்சாரத்தைக் குரலின் வடிவத்தில் திறந்துவிடுகின்றன.

இந்த இடத்தில்தான் வடிவமைப்பவரின் கைத்திறன் தெரியும். சிலிக்கான் டிரான்சிஸ்டர் ஏறக்குறைய 0.6 வோல்ட் கிடைக்கும்வரை திறக்காது. ஆகவே அலை ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குக் கைமாறும்போது ஒரு கணம் இரண்டுமே மூடிக் கிடக்கும். சத்தமான பாட்டில் அது தெரியாமல் போகலாம், மெல்லிய குரலோ கரகரத்துவிடும். அதனால் இரண்டையும் எப்போதும் இம்மியளவு திறந்தே வைக்கிறார்கள். அப்படித் திறந்து வைத்தால் சூடு; சூடானால் டிரான்சிஸ்டர் இன்னும் திறக்கும்; திறந்தால் இன்னும் சூடு. கவனிக்காமல் விட்டால் வெந்தே போகும். இதைத் தடுக்க, வெப்பம் கடத்தும் அலுமினியத் தகட்டின் மீதே ஒரு டயோடையோ சின்ன டிரான்சிஸ்டரையோ ஒட்டிவைக்கிறார்கள். தகடு சூடாக ஆக அது திறப்பைக் குறைக்கும். இத்தனை எளிமையான இந்த ஏற்பாட்டை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மதிப்புக் கூடுகிறது.

மிச்சமிருக்கும் பிழைக்குப் பொறியாளர் ஹெரால்ட் பிளாக் 1927-ல் வழி கண்டார். வெளியே போகும் அலையில் சிறு பங்கைத் திருப்பிக் கொண்டுவந்து, உள்ளே வருவதோடு ஒப்பிட்டு, வேறுபாட்டைத் திருத்தவைத்தார். தொலைபேசிக் கம்பிக்காக அவர் கண்ட வழி இன்று ஏறக்குறைய எல்லா ஆம்ப்ளிஃபயரிலும் இருக்கிறது.

பெட்டியைவிட்டுக் கிளம்பும் முன் 1902-ன் பழைய உத்தி ஒன்று திரும்ப வருகிறது. 50 வாட்டை 4 ஓம் ஸ்பீக்கருக்கு நேராகக் கொடுத்தால் சுமார் 14 வோல்ட், மூன்றரை ஆம்பியர். ஹாரன் தெருக்கோடியில் இருந்தால் மெல்லிய ஒயரே பாதியைத் தின்றுவிடும். அதையே 100 வோல்ட்டாக ஏற்றி அனுப்பினால் அரை ஆம்பியர்தான் ஓடும். ஒயரில் வீணாவது 50-ல் ஒரு பங்காகக் குறையும். சிவசமுத்திரத்தில் பல்லாயிரம் வோல்ட்டாக ஏற்றி அனுப்பியதும் இதே காரணத்துக்காகத்தான்.

ஹாரனில் ஒரு குட்டி டிரான்ஸ்ஃபார்மர் அந்த 100 வோல்ட்டை இறக்கிச் சுருளுக்குத் தருகிறது. காந்தத்தின் நடுவே சுருள் துடிக்கிறது, சவ்வு காற்றைத் தள்ளுகிறது. காகிதக் கூம்பு வைத்த பெட்டி ஸ்பீக்கரை 1925-ல் உலகுக்குக் காட்டிய ரைஸும் கெல்லாக்கும், சிவசமுத்திரத்துக்கு ஜெனரேட்டர் அனுப்பிய அதே ஜெனரல் எலக்ட்ரிக்கில் வேலை பார்த்தவர்கள். ஆனாலும் தெருவுக்குக் குழாய் ஹாரன்தான். விரிந்த அதன் வாய் சவ்வின் துடிப்பைக் காற்றோடு இசைய வைப்பதால், பெட்டி ஸ்பீக்கர் தரும் ஒலியைப்போலப் பல மடங்கை அதே வாட்டில் எழுப்பும். ஆழ்ந்த ஒலி மட்டும் அதில் ஏறாது. நாதஸ்வரம் பக்கத்துப் பேட்டைக்குக் கேட்கும், தவிலின் தொப்பிப் பக்கம் கேட்காது.