வெற்றிலை வட்டாவும் உணவுக்குழாய்ப் புற்றுநோயும்

மட்டக்களப்பு வாவியின் இரு கரைகளிலும் விருந்தினர் வந்தால் முதலில் முன்வைக்கப்படுவது வெற்றிலை வட்டாவே. மணவினைக்கு அழைப்பதும் மனத்தாங்கலைத் தீர்ப்பதும் அதனை நடுவில் வைத்தே. இரவெல்லாம் தோணியில் விழித்திருக்கும் மீனவனுக்கும், வயலிற் பாடுபடும் விவசாயிக்கும் பசியையும் உறக்கத்தையும் மறக்கச் செய்யும் துணையும் அதுவே. இத்தகைய மரியாதைப் பொருளை மருத்துவம் ஐயுற்ற வரலாறு நீண்டது.

வேடர்களைப் பற்றி எழுதிப் புகழ்பெற்ற டாக்டர் ஆர். எல். ஸ்பிட்டல் கொழும்பிற் சத்திர வைத்தியராக விளங்கியவர். அவர் 1923ஆம் ஆண்டிலேயே இலங்கையில் வாய்ப் புற்றுநோய் பற்றிப் பிரித்தானிய மருத்துவ சஞ்சிகையில் எழுதினார். ஆயினும் தாம்பூலச் சாறு வாயோடு நின்றுவிடுவதன்று. விழுங்கப்படும்போது உணவுக்குழாயையும் நனைத்தே இறங்குகின்றது. அவ்விடத்துப் புற்றுநோய்க்கும் தாம்பூலத்துக்கும் உள்ள தொடர்பை இலங்கை வைத்தியர்களான ஸ்டீபனும் உறகொடவும் ஆராய்ந்து 1970இல் வெளியிட்டனர்.

கிழக்கு ஆபிரிக்காவிலும் தென்னாபிரிக்காவின் திரான்ஸ்கை பகுதியிலும் இந்நோய் மிகுதியாகக் காணப்பட்டது. தாம்பூலம் அங்கு பொது வழக்கமன்று. எனவே அங்குள்ள ஆய்வாளர் புகையிலை, மது, சுடச்சுட அருந்தும் பானங்கள், பூஞ்சணம் பிடித்த சோளம் ஆகியவற்றை ஆராய்ந்தனர். நோய் ஒன்றாயினும் அதற்கு வழிவிடும் பழக்கங்கள் நாட்டுக்கு நாடு வேறுபடும் என்பதே இதனாற் பெறப்படுவது.

தாம்பூலத்தைப் பற்றிய தீர்ப்புப் படிப்படியாகவே வந்தது. புகையிலை சேர்ந்த தாம்பூலம் புற்றுநோய் தருவது எனச் சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி நிறுவனம் 1985இல் முடிவு செய்தது. புகையிலை இல்லாவிடினும் பாக்கே தீங்கு பயக்கும் என்பது அதன் 2004ஆம் ஆண்டு நூலில் உறுதியாயிற்று. இருவகைத் தாம்பூலமும் உணவுக்குழாயைத் தாக்கும் என 2012ஆம் ஆண்டு நூல் உரைத்தது. புகைக்காது பயன்படுத்தும் புகையிலைக் கலவைகளை 2016இல் இலங்கை அரசு தடை செய்தது.

சட்டம் கடைவீதியை எட்டும். வீட்டுத் திண்ணையில் விழிப்பே காவல். முதலிற் சோறு தொண்டைக்குக் கீழே தடைப்படும். பின்னர்க் கஞ்சியும், இறுதியில் நீரும் இறங்க மறுக்கும். உடலும் மெலியும். முதியவர் சோற்றை விட்டுக் கஞ்சிக்கு மாறும்போது, வயதின் தளர்ச்சி என வீட்டார் எண்ணிவிடுவதுண்டு. அதற்குள் நோய் முற்றிவிடுகின்றது. சோறு தடைப்படும் நாளிலேயே வைத்தியசாலையை நாடி, உட்காட்டிக் கருவியாற் பரிசோதிப்பின் சிகிச்சைக்கு வழியுண்டு.

வட்டாவை நீட்டும் கையின் அன்பு பாக்கிலும் புகையிலையிலும் தங்கியிருப்பதன்று. அவை நீங்கினும் விருந்தோம்பல் குறையாது. விருந்தினரும் நெடுநாள் வாழ்வர்.