படிவம் கேட்காத ஆண்டுகள்: உத்திரமேரூர் கிரஷர் தொழிலாளரும் நுரையீரல் புற்றுநோயும்

இறப்பைப் பதிவு செய்ய நிரப்பும் படிவம் 2இல், இறந்தவர் புகைபிடித்தவரா, எத்தனை ஆண்டு என்ற கேள்வி உண்டு. புகையிலை, பாக்கு, மது ஆகியவற்றுக்கும் அப்படியே. தொழிலுக்கு மட்டும் ஒரே கட்டம், அதில் ஒரு சொல். உத்திரமேரூர்ப் பக்கத்தில், கல்லை ஜல்லியாக உடைக்கும் கிரஷரில் இருபது ஆண்டு உழைத்து, மூச்சு வாங்கத் தொடங்கியதும் நின்று, கடைசிக் காலத்தில் ஆடு மேய்த்தவர் அந்தக் கட்டத்தில் ‘விவசாயக் கூலி’ ஆகிவிடுவார். பீடிக்கு ஆண்டுக் கணக்கு கேட்கும் அரசு தூசுக்குக் கேட்பதில்லை. தொழிலால் வந்த புற்றுநோய் இறப்பு கணக்கில் ஏறாமல் போவதற்கு இந்தக் கட்டமும் காரணம் என்பதே என் வாதம்.

சல்லடையிலிருந்து முக்கால் ஜல்லி, ஒன்றரை ஜல்லி எனப் பிரிந்து விழும் இடத்தில் நிற்பவர் மூக்கில் துண்டு கட்டியிருப்பார். மாலையில் அவிழ்த்தால் இமையும் புருவமும் வெளுத்திருக்கும். துண்டு மறைத்த இடம் மட்டும் சொந்த நிறத்தில் இருக்கும். துண்டு காத்துவிட்டது என்று தோன்றும். அது தடுத்தது பெருந்தூசைத்தான். 4 மைக்ரானுக்கும் சிறிய சிலிக்காத் துகள் நூலிழைகளுக்கிடையே புகுந்து நுரையீரலின் காற்று நுண்ணறை வரை போய்த் தங்கும். எம்-சாண்டுக்காகக் கல்லை மணலளவுக்கு அரைக்க அரைக்க அந்த நுண்தூசு கூடும். படிகச் சிலிக்கா மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் என்று பன்னாட்டுப் புற்றுநோய் ஆராய்ச்சி முகமை 1997இலேயே முடிவு செய்தது. அது காசநோய்க்கும் வழிவிடும். இருமல், சளியில் இரத்தம், உடல் மெலிவு இரண்டுக்கும் பொது என்பதால், காசநோய் மாத்திரையிலேயே மாதங்கள் கழிந்து புற்றுநோய் முற்றிவிடும் ஆபத்தும் இருக்கிறது.

‘பீடிதானே காரணம்’ என்பார்கள். அமெரிக்க ஆஸ்பெஸ்டாஸ் தொழிலாளரை ஆராய்ந்து ஹேமண்டும் செலிகாஃபும் 1979இல் தந்த கணக்கு இதற்குப் பதில். ஆஸ்பெஸ்டாஸும் புகையும் இல்லாதவரோடு ஒப்பிட்டால், ஆஸ்பெஸ்டாஸ் மட்டும் உள்ளவருக்கு நுரையீரல் புற்றுநோய் இறப்பு ஏறத்தாழ 5 மடங்கு, புகை மட்டும் உள்ளவருக்கு 11 மடங்கு, இரண்டும் சேர்ந்தவருக்கு 53 மடங்கு. சிலிக்காவுக்கு இதே எண்கள் பொருந்தா. ஆனால் பீடியைக் காட்டித் தூசை விடுவிக்க முடியாது என்பது இங்கும் பொருந்தும்.

இன்று வேலையில் இருப்பவர்களைப் பரிசோதித்து ‘எல்லாரும் நன்றாக இருக்கிறார்கள்’ என்பதும் ஏமாற்றும் கணக்கு. முடியாதவர்கள் முன்பே நின்றுவிட்டார்கள். நோய் தலைகாட்டவோ பல பத்தாண்டுகள் ஆகும். இதை உணர்ந்தே உச்ச நீதிமன்றம் 1995இல், ஆஸ்பெஸ்டாஸ் தொழிலாளரின் மருத்துவப் பதிவுகளை, வேலையில் சேர்ந்ததிலிருந்து 40 ஆண்டு அல்லது வேலையை விட்டபின் 15 ஆண்டு, இவற்றில் எது பிந்தியதோ அதுவரை காக்கச் சொன்னது. ஒப்பந்தக்காரரிடம் வாரக்கூலி வாங்கி, கிரஷருக்குக் கிரஷர் மாறுபவருக்குக் காக்க வேண்டிய பதிவே முதலில் உருவாவதில்லை.

எனவே பதிவை நோயாளியின் வாயிலிருந்தே எடுக்க வேண்டும். காரப்பேட்டையில் 1969 முதல் இயங்கும் அண்ணா நினைவுப் புற்றுநோய் மருத்துவமனை உத்திரமேரூர் இருக்கும் அதே மாவட்டத்துக்குள்ளேயே இருக்கிறது. அங்கே வரும் ஒவ்வொரு நுரையீரல் நோயாளியின் சீட்டிலும், படிவம் 2இலும் சில வரிகள் கூடினால் போதும்: எந்தெந்தக் கிரஷர் அல்லது குவாரி, எந்த ஆண்டிலிருந்து எந்த ஆண்டு வரை, நின்றது உடைக்கும் வாயிலா சல்லடையடியிலா, தண்ணீர் தெளித்தார்களா.