ஜாமீன் சொல்ல ஓர் ஆள்

இந்த ஜூபிலி மலரைக் கையில் எடுக்கும் பங்கு மக்களில் பலர் கடை வைத்திருக்கிறீர்கள். சிலர் வைக்க எண்ணி, எண்ணத்தோடு நிற்கிறீர்கள். பலசரக்குக் கடையோ, தையல் கடையோ, மாவு அரைத்து விற்பதோ, எதுவானாலும் புதிதாகத் தொழிலில் இறங்குகிறவருக்கு முதல் வேண்டும். அந்த முதல் வருவதற்கு முன்னால் வேறொன்று வேண்டும்: "இவரை எனக்குத் தெரியும், நம்பிக் கொடுங்கள்" என்று சொல்ல ஓர் ஆள். அப்படி ஆள் அகப்பட்டவர்கள் நம் நெல்லைச் சீமையில் தலையெடுத்தார்கள். அகப்படாதவர்கள் வட்டிக்காரர் வாசலில் நின்றார்கள்.

பாபநாசத்தில் மலையிறங்கிப் புன்னைக்காயலில் கடல் சேரும்வரை தாமிரபரணி நனைக்கும் நிலமெல்லாம் நெல்லும் வாழையும். ஆற்றுக்குத் தெற்கே போனால் செம்மணல் தேரி. அங்கே பனைதான் கதி. அந்தப் பக்கத்து நாடார் மக்களில் ஒரு பகுதியினர் பத்தொன்பதாம் நூற்றாண்டில் கருப்பட்டியும் கருவாடும் உப்பும் ஏற்றிய மாட்டு வண்டிகளோடு வடக்கே வியாபாரத்துக்குப் போனார்கள். வழியெல்லாம் கொள்ளைப் பயம். போன ஊர்களில் தங்க இடம் கொடுப்பாரில்லை. கோவிலும் சத்திரமும் அவர்களுக்கு அடைத்திருந்தன. ஆகவே வண்டிகளையும் சரக்கையும் பத்திரமாக வைக்க மதில் சூழ்ந்த பேட்டைகளைக் கட்டிக்கொண்டார்கள். சிவகாசி, விருதுநகர், திருமங்கலம், அருப்புக்கோட்டை, பாலையம்பட்டி, சாத்தங்குடி என்ற ஆறு ஊர்களில் இவ்விதம் வேர் பிடித்தார்கள்.

பேட்டையைக் காக்கப் பணம் எங்கிருந்து வந்தது? மகமையிலிருந்து. ஒவ்வொரு வியாபாரியும் தன் வியாபாரத்தின் அளவுக்கு ஏற்பச் சிறு தொகையைப் பொதுவில் கொடுக்க வேண்டும். பெரிய கடைக்காரர் அதிகம் கொடுப்பார், சின்னக் கடைக்காரர் குறைவாகக் கொடுப்பார். பேட்டையின் மதிலும் கிணறும் இருவருக்கும் பொது. உறவின்முறை என்ற ஊர்ச்சபை கணக்குப் பார்த்தது. இந்தப் பொதுப் பணத்திலிருந்தே பிற்பாடு பள்ளிகளும் எழுந்தன. விருதுநகரில் வீட்டுக்கு ஒரு பிடி அரிசி எடுத்து வைத்துப் பள்ளி நடத்தினார்கள். காமராஜர் படித்த க்ஷத்திரிய வித்யாசாலா அது. கோவிலுக்குப் பிடியரிசி வைத்துப் பழகிய நம் தாய்மாருக்கு இதன் அருமையைச் சொல்ல வேண்டியதில்லை.

மகமையை வெறும் நன்கொடை என்று எண்ணுவது தவறு. மாதாமாதம் தவறாமல் மகமை செலுத்துகிறவன் யார், பின்வாங்குகிறவன் யார் என்று ஊருக்குத் தெரியும். ஒருவனுடைய நாணயத்துக்கு அந்தக் கணக்கே சாட்சி ஆயிற்று. இதற்கு மேல் என்ன ஜாமீன் வேண்டும்?

இந்தச் சாட்சியை ஒரு வங்கியாக மாற்றும் யோசனை 1920-ல் தூத்துக்குடியில் கூடிய நாடார் மகாஜன சங்க மாநாட்டில் எழுந்தது. அப்போது தூத்துக்குடி நம் திருநெல்வேலி ஜில்லாவைச் சேர்ந்தது. தனி மாவட்டமாகப் பிரிந்தது 1986-ல்தான். அதே தூத்துக்குடியில் 1906-ல் வ. உ. சிதம்பரம் பிள்ளை 25 ரூபாய்ப் பங்குகளாகப் பணம் திரட்டிச் சுதேசிக் கப்பல் கம்பெனி தொடங்கியதும், 1908-ல் அவர் சிறை சென்றபின் அது நொடித்துப்போனதும் ஊர் மறக்காத சங்கதிகள். அந்தச் சூடு ஆறுமுன் இன்னொரு கம்பெனியை நம்பிப் பணம் போட மனத்துணிவு வேண்டும். 1921 மே 11-ல் நாடார் வங்கி பதிவாயிற்று. நவம்பர் 11-ல் கதவு திறந்தது. 1937-ல் கொழும்பில்கூடக் கிளை வைத்தார்கள். 1938-ல் திருவிதாங்கூர் நேஷனல் குயிலான் வங்கி மூடப்பட்டு, தென்னாடெங்கும் வங்கி என்றாலே மக்கள் அஞ்சிய காலம் வந்தது. 1939-ல் நாடார் வங்கியும் தூத்துக்குடி, மதுரை, சிவகாசி, விருதுநகர் ஆகிய நான்கை மட்டும் வைத்துக்கொண்டு மற்றக் கிளைகளை மூடியது. சுருக்கிக்கொள்ளத் தெரிந்ததால் பிழைத்தது என்பது என் எண்ணம். 1962-ல் அதன் பெயர் தமிழ்நாடு மெர்க்கன்டைல் வங்கி என்று மாறியது. ஒரு சமுதாயத்தின் பெயரை எடுத்துவிட்டு நாட்டின் பெயரை வைத்தார்கள். இதை நான் சிறிய காரியமாக நினைக்கவில்லை.

வங்கிக்கு வெளியேயும் ஒரு வழி இருந்தது. சென்னையில் மளிகைக் கடைக்காரரை "அண்ணாச்சி" என்றே கூப்பிடுகிறார்கள். பையன் ஊரிலிருந்து போவான். பொட்டலம் மடிப்பான், மூட்டை சுமப்பான், கடையிலேயே படுப்பான். சில வருஷம் கழித்து முதலாளியே அவனுக்குத் தனிக் கடை பார்த்துக் கொடுத்து, மொத்த வியாபாரியிடம் "நம்ம பையன்தான்" என்று ஒரு வார்த்தை சொல்வார். அந்த வார்த்தைக்குக் கடனாகச் சரக்கு வரும். எல்லா முதலாளிகளும் அப்படி இருந்தார்கள் என்று சொல்லமாட்டேன். பையனின் உழைப்பை உறிஞ்சிக்கொண்டு அனுப்பிவிட்டவர்களும் உண்டு.

நிற்க. இந்தப் பெருமைமிக்க ஏற்பாட்டில் ஒரு குறையும் உண்டு. "நம்ம பையன்" என்ற சொல் ஒரு வேலிக்குள்ளேதான் செல்லும். வேலிக்கு வெளியே பிறந்தவனுக்கு யார் சொல்வது? பத்தமடையில் ஆற்றோரக் கோரையை வெட்டி, ஊறவைத்து, மயிரிழைபோலக் கிழித்துப் பட்டுபோல் பாய் நெய்யும் முஸ்லிம் பெண்களுக்கு யார் சொன்னார்கள்? 1953-ல் எலிசபெத் மகாராணியின் முடிசூட்டு விழாவுக்கு அவர்கள் பாய் போயிற்று. புவிசார் குறியீடும் கிடைத்திருக்கிறது. பேர் உலகம் சுற்றியது, கூலி வீட்டுத் திண்ணையைத் தாண்டவில்லை. காருகுறிச்சி மண்பாண்டக்காரர், அம்பாசமுத்திரத்தில் சொப்புச் சாமான் கடைகிறவர் கதையும் ஏறக்குறைய இதுவே. கைத்திறன் உண்டு, ஜாமீன் சொல்ல ஆள் இல்லை.

இதற்கு மறுவழியை ஜெர்மனியில் ரைஃபைசன் என்ற கிராமத் தலைவர் 1860-களில் கண்டார். சாதி சனம் பார்க்காமல் ஒரே ஊரில், ஒரே பங்கு எல்லைக்குள் குடியிருப்பவர்கள் ஒருவருக்கொருவர் ஜாமீனாக நிற்கும் சங்கம் அது. சென்னை மாகாண அதிகாரி பிரடெரிக் நிக்கல்சன் 1895-லும் 1897-லும் வெளியிட்ட பெரிய அறிக்கையின் சாரமே, ரைஃபைசனைப் போன்ற ஆளை நம் கிராமங்களில் தேட வேண்டும் என்பதுதான். 1904-ல் சட்டம் வந்தது. திரூரில் முதல் கூட்டுறவுச் சங்கம் அமைந்தது. சங்கங்கள் பெருகின. ஆனால் ரைஃபைசனைப் போன்ற ஆள் எல்லா ஊரிலும் அகப்படவில்லை. அகப்பட்ட இடத்தில் தேர்தல் வந்து கெடுத்தது.

1989-ல் தர்மபுரியில் தொடங்கிப் பின்னர் எல்லா மாவட்டங்களுக்கும் பரவிய மகளிர் சுய உதவிக் குழுக்களில் அந்தப் பழைய தத்துவம் மீண்டும் உயிர் பெற்றது. குழுவே ஜாமீன். கடன் வருகிறது, வந்த கடனில் செய்த ஊறுகாயை வாங்க ஆள் வருவதில்லை. 2015-ல் வந்த முத்ரா திட்டத்தில் ஈடில்லாமல் கடன் உண்டு. ஆயினும் மானேஜர் தெரிந்த முகத்தையே தேடுகிறார். கிடைக்காதவர்கள் தண்டலுக்கும் கந்து வட்டிக்கும் போகிறார்கள். கந்து வட்டியைத் தடுக்க 2003-லேயே சட்டம் இருந்தும், 2017 அக்டோபரில் நம் கலெக்டர் அலுவலக வளாகத்தில் ஓர் ஏழைக் குடும்பம், இரண்டு சிறு குழந்தைகள் உட்பட, தீக்கிரையாகியது. அவர்களையும் அறிந்த ஊர் ஒன்று இருந்தது.

ஊர் என்று சொல்லும்போது நம்மையும் சேர்த்தே சொல்கிறேன். பந்தல்காரருக்கும் ஒலிபெருக்கிக்காரருக்கும் திருவிழா முடிந்து மாதக்கணக்கில் பாக்கி வைக்கும் கமிட்டிகள் எத்தனை! கோவில் வேலைதானே என்று கூலியைக் குறைக்கச் சொல்லுகிறோம். சின்ன வியாபாரிக்கு அந்தப் பாக்கியே முதல்.

திருவிழாக் கடைகளுக்கான இடங்களை ஏலம் விடும்போது, பணமுள்ள வெளியூர்க் கடைகளே முன்வரிசையைப் பிடிக்கின்றன. ஆகவே இந்த ஜூபிலி ஆண்டில் மூன்று இடங்களை ஏலத்தில் சேர்க்காமல், முதன்முறை கடை போடுகிறவர்களுக்கு வாடகையின்றிக் கொடுக்கப் பங்குப் பேரவையில் கேட்டிருக்கிறேன். மதமோ சாதியோ பார்க்கப்படாது. இந்த ஊரில் குடியிருந்தால் போதும். மொத்தக் கடையில் சரக்கு எடுக்கப் பேரவை அங்கத்தினர் ஒருவர் கூடவே வந்து அறிமுகம் செய்வார். பணம் மட்டும் கேட்க வேண்டாம். உண்டியலில் கைவைக்க எனக்கு ஆயர் அவர்களின் அனுமதி இல்லை. பெயர் கொடுக்கக் கடைசி நாள் கொடியேற்றத்துக்கு முந்தின ஞாயிறு.