காலுக்கும் பந்துக்கும் நடுவே: கால்பந்து வீடியோ கேம்களின் கட்டுப்பாட்டு வரலாறு

கால்பந்து வீடியோ கேம்களின் வரலாறு பெரும்பாலும் படங்களின் வரலாறாகவே எழுதப்பட்டு வருகிறது. கோடுகளாகவும் புள்ளிகளாகவும் இருந்த வீரர்களுக்கு மனித உருவம் வந்ததும், அந்த உருவத்துக்கு முகமும் வியர்வையும் வந்ததும், அரங்கின் இருக்கைகள் நிரம்பியதும் அதில் படிப்படியாக விவரிக்கப்படுகின்றன. ஆனால் ஆடுபவரின் விரலுக்கும் திரையில் ஓடும் பந்துக்கும் இடையிலான உறவைப் பின்தொடர்ந்து சென்றால் அதே வரலாறு வேறொரு பாதையில் போவது தெரியும். திரையில் நடப்பது மைதானத்தில் நடப்பதைப் போலவே இருக்கிறது என்ற உணர்வு படத்தின் தெளிவால் வந்ததைவிட, ஆடுபவருக்காக இயந்திரம் தானே செய்துகொடுத்த வேலைகளை ஒவ்வொன்றாக அவர் கையிலேயே விட்டதால்தான் வந்தது. பந்தைத் தவறவிடும் வாய்ப்பு ஆடுபவருக்கு எவ்வளவு கிடைத்ததோ அவ்வளவுக்கே அது கால்பந்து ஆயிற்று.

தொடக்க கால ஆட்டங்களில் அந்த வாய்ப்பு மிகக் குறைவு. பின்னாளில் ‘ஸ்பேஸ் இன்வேடர்ஸ்’ ஆட்டத்தை உருவாக்கிப் புகழ்பெற்ற டொமோஹிரோ நிஷிகாடோ, 1973இல் ஜப்பானின் டைட்டோ நிறுவனத்துக்காக ‘சாக்கர்’ என்ற ஆட்டத்தை வடிவமைத்தபோது, அதில் வீரர்கள் என்று இருந்தவை பந்தைத் திருப்பி அனுப்பும் தட்டுகள்தான். 1980களின் தொடக்கத்தில் பெலேயின் பெயரைத் தாங்கி அட்டாரி இயந்திரத்துக்கு வந்த ஆட்டத்தில் அணிக்கு மூன்று வீரர்களும் ஒரு கோல்கீப்பரும் இருந்தனர்; அந்த மூவரும் கண்ணுக்குத் தெரியாத முக்கோணச் சட்டத்தில் பூட்டப்பட்டவர்களைப் போல ஒன்றாகவே நகர்ந்தனர். 1987இல் ஜான் ரிட்மன் உருவாக்கிய ‘மேட்ச் டே 2’ ஆட்டத்தில் உதையின் வலிமையைக் காட்டும் அளவுமானி ஒன்று இடம்பெற்றது. அதன் முள் ஓயாமல் ஏறி இறங்கும். எந்த நொடியில் பட்டன் அழுத்தப்படுகிறதோ அதைப் பொறுத்தே பந்து மெதுவாகவோ வேகமாகவோ போகும். உதைப்பதா வேண்டாமா என்பதோடு எவ்வளவு வலுவாக உதைப்பது என்பதும் ஆடுபவரின் பொறுப்பாகியது இத்தகைய முயற்சிகளால்தான்.

ஆயினும் அக்கால ஆட்டங்கள் பெரும்பாலானவற்றில் ஒரு குறை அப்படியே இருந்தது. வீரர் பந்தைத் தொட்டதும் அது அவர் காலோடு ஒட்டிக்கொள்ளும். அவர் எந்தத் திசையில் எவ்வளவு விரைவாகத் திரும்பினாலும் பந்தும் கூடவே திரும்பும். பந்தைக் காலருகே வைத்துக்கொண்டே ஓடும் ட்ரிபிளிங் என்ற கலைக்கு அங்கே இடமே இல்லை, ஏனெனில் இழக்க முடியாத பந்தைக் காப்பாற்றுவதில் திறமை எதுவும் தேவைப்படுவதில்லை. இந்த ஒட்டுதலை அறுத்தெறிந்தது 1989இல் டினோ டினி எழுதி அன்கோ நிறுவனம் வெளியிட்ட ‘கிக் ஆஃப்’. அதில் பந்து தனிப் பொருள்; வீரர் ஓடும்போது அது அவர் காலில் பட்டு முன்னால் தள்ளப்பட்டு உருளும், அவர் மீண்டும் எட்டிப் பிடித்துத் தட்ட வேண்டும். திடீரென்று திசை மாற்றினால் வீரர் ஒரு பக்கம் போவார், பந்து தன் பழைய வழியிலேயே போகும். மேலிருந்து பார்க்கும் கோணத்தில், கட்டைவிரல் நகத்தளவுகூட இல்லாத உருவங்களோடு, கண்மூடித் திறப்பதற்குள் மைதானத்தின் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குப் போய்விடும் அந்த ஆட்டம் பார்வைக்குக் கால்பந்தைப் போல இருந்ததில்லை. என்றாலும் கால்பந்தின் அடிப்படை உண்மை ஒன்றை, பந்து யாருக்கும் சொந்தமில்லை என்பதை, வீடியோ கேம்களில் அழுத்தமாக உணர்த்தியது அது. புதிதாக ஆடத் தொடங்கியவர்கள் பந்தைக் காலில் நிறுத்தவே முடியாமல் திணறினர். பழகியவர்கள் வேறு எந்த ஆட்டத்தையும் திரும்பிப் பார்க்கவில்லை.

இதே காலத்தில் வேரூன்றிய மற்றொரு உத்தி, பந்து காலை விட்டுப் போன பிறகும் ஆடுபவருக்கு அதன்மேல் சிறிது அதிகாரம் தருவது. ஆங்கிலத்தில் ‘ஆஃப்டர்டச்’ என்று வழங்கப்படும் இந்த முறையில், உதைத்த கணத்துக்குப் பின் மிகக் குறுகிய நேரத்துக்குள் ஜாய்ஸ்டிக்கை ஒரு பக்கம் சாய்த்தால் பந்து காற்றில் அந்தப் பக்கம் வளையும். உதைத்த திசைக்கு எதிராக இழுத்தால் உயர எழும்பும். 1992இல் வெளிவந்த ‘சென்சிபிள் சாக்கர்’ இந்த உத்தியைச் செம்மைப்படுத்தி, ஒரே ஒரு பட்டனும் எட்டுத் திசைகளும் மட்டும் உள்ள ஜாய்ஸ்டிக்கைக் கொண்டு தரைப் பாஸ், உயரப் பந்து, வளைந்து கோலுக்குள் நுழையும் ஷாட் ஆகிய அனைத்தையும் செய்ய வைத்தது. பறக்கும் பந்தை எந்த வீரராலும் வளைக்க முடியாது என்பதால் இதை மெய்ம்மைக்கு எதிரானது என்று சொல்வோர் உண்டு. ஆனால் மைதானத்தில் வீரரின் பாதம் பந்தின் எந்தப் பக்கத்தில் படுகிறது என்பது உதைக்கும் கணத்துக்குள் அடங்கிவிடும் நுட்பம்; ஒரே ஒரு பட்டனால் அதைச் சொல்ல வழியில்லாதபோது, அந்த நுட்பத்தைச் சற்றே காலந்தாழ்த்திக் கேட்டு வாங்கிக்கொள்ளும் ஏற்பாடாகவே ஆஃப்டர்டச்சைக் கருத வேண்டும்.

1993 இறுதியில் எலக்ட்ரானிக் ஆர்ட்ஸ் நிறுவனம் வெளியிட்ட ‘ஃபிஃபா இன்டர்நேஷனல் சாக்கர்’ பாதையைத் திருப்பியது. சாய்கோணத்தில் தெரிந்த மைதானமும் பெரிய உருவங்களும் ஆரவாரமும் தொலைக்காட்சி ஒளிபரப்பை நினைவூட்டின. வீரர்களின் பெயர்கள் கற்பனையானவை. எதிரணிக் கோல்கீப்பர் பந்தை உதைக்கும்போது அவர் முன்னால் போய் நின்றுகொண்டால் பந்து மோதிக் கோலுக்குள் திரும்பிவிடும் ஓட்டையும் அதில் இருந்தது. அதன் பிறகு இத்தொடர் ஆண்டுதோறும் உண்மையான பெயர்களையும் சீருடைகளையும் அரங்குகளையும் சேர்த்துக்கொண்டே போனது. பந்து மட்டும் நெடுநாள் வரை காலோடு பெரும்பாலும் ஒட்டியே இருந்தது.

எதிர்ப்பக்கத்தில் நின்றது ஜப்பானின் கொனாமி. 1995இல் ‘வின்னிங் லெவன்’ என்ற பெயரில் தொடங்கி, 2001 முதல் மேலை நாடுகளில் ‘ப்ரோ எவல்யூஷன் சாக்கர்’ என்று அறியப்பட்ட அதன் தொடரை ஷிங்கோ தகாட்சுகா பல ஆண்டுகள் வழிநடத்தினார். உரிமம் கிடைக்காததால் லிவர்பூல் அணியை ‘மெர்சிசைடு ரெட்’ என்று பெயரிட்டு வைக்க வேண்டிய நிலையில் இருந்த இந்தத் தொடர், பந்தின் எடையிலும் உடலின் உந்தத்திலும் தன் உழைப்பைச் செலுத்தியது. வேகமாக ஓடும் வீரர் சட்டென்று திரும்ப முடியாது. ஓரிரு அடிகள் எடுத்துத்தான் திரும்புவார். ஷாட் அடிக்கும்போது உடல் கோல் பக்கம் திரும்பியிருக்கிறதா, பந்து அவருடைய பழக்கப்பட்ட காலில் இருக்கிறதா என்பவை கணக்கில் வந்தன. தற்காப்பு வீரர்களுக்குப் பின்னால் உள்ள வெற்றிடத்துக்குப் பந்தை அனுப்பி, சக வீரரை ஓடிப் பிடிக்கச் செய்யும் த்ரூ பாஸுக்குத் தனிப் பட்டன் இருந்தது. ஆளைப் பார்த்து அனுப்பும் பாஸுக்கும் இடத்தைப் பார்த்து அனுப்பும் பாஸுக்கும் உள்ள வேறுபாட்டை அந்த ஒரு பட்டன் பல நாட்டு இளைஞர்களின் விரல்களுக்குக் கற்றுக்கொடுத்தது என்றால் மிகையாகாது.

கருவியின் எல்லையும் இங்கே முக்கியமானது. பழைய ஜாய்ஸ்டிக்குக்கும் கேம்பேடுக்கும் எட்டுத் திசைகள்தான் தெரியும். சாய்க்கும் அளவையும் உணரும் அனலாக் குச்சி 1990களின் பிற்பகுதியில் நின்டெண்டோ 64, ப்ளேஸ்டேஷன் ஆகியவற்றின் கேம்பேடுகளில் வந்துவிட்டபோதிலும், ஆட்டங்கள் அதை முழுமையாகப் பயன்படுத்தப் பத்தாண்டுக்கும் மேலாயிற்று. 2009இல் வந்த ‘ஃபிஃபா 10’தான் எல்லாக் கோணங்களிலும் திரும்பும் 360 பாகை ட்ரிபிளிங்கைத் தன் பெரிய சிறப்பாக முன்வைத்தது. அதைவிட ஆழமான மாற்றம் 2011இன் ‘ஃபிஃபா 12’ கொண்டுவந்த தற்காப்பு முறை. அதுவரை ஒரு பட்டனை அழுத்திப் பிடித்திருந்தால் தற்காப்பு வீரர் தாமாகவே பந்தை நோக்கி ஓடிப் பறிக்க முயல்வார். புதிய முறையில் அந்தப் பட்டன் எதிராளியின் முன்னால் தூரம் விட்டு நின்று வழிமறிக்க மட்டுமே உதவியது. கால் நீட்டிப் பறிக்கும் கணத்தை ஆடுபவரே தேர்ந்தெடுக்க வேண்டும், அவசரப்பட்டால் தாண்டிப் போய்விடுவார்கள். பழகிப்போன பலர் இதை வெறுத்தனர், பழைய முறையும் ஒரு தெரிவாக விட்டுவைக்கப்பட்டது. ஆயினும் பொறுமையும் கணிப்புமே தற்காப்பு என்பதை உணர்த்திய வகையில், அந்தத் தொடரின் நெடிய வரலாற்றில் இதற்கு இணையான துணிவு அரிது.

வீரர்களின் அசைவைப் பதிவு செய்து திரையில் ஏற்றும் மோஷன் கேப்சர் முறை 1995இல் ‘ஆக்சுவா சாக்கர்’ ஆட்டத்துக்காக ஷெஃபீல்டு வென்ஸ்டே அணியினரைக் கொண்டே செய்யப்பட்டது. ‘ஃபிஃபா 22’ காலத்தில் 22 பேர் உணரிகள் பதித்த உடையணிந்து முழு ஆட்டமே ஆடிப் பதிவு செய்யும் அளவுக்கு அது வளர்ந்தது. இதில் ஒரு சிக்கலும் உண்டு. பதிவான அசைவு முழுதாக முடிந்த பிறகே அடுத்த கட்டளை நிறைவேறும் என்றால், படம் உண்மையாகும் அளவுக்குக் கை தாமதத்தை உணரும். அழகிய அசைவுக்கும் உடனடிக் கீழ்ப்படிதலுக்கும் நடுவிலான இந்த இழுபறி இன்றும் தீரவில்லை.

தமிழ்நாட்டில் இந்த ஆட்டங்கள் பெரும்பாலும் கணினி வழியாகவே பரவின. 2000களில் பிரவுசிங் சென்டர்களிலும் வீட்டுக் கணினிகளிலும், பர்மா பஜாரில் விற்ற திருட்டு சிடிகளின் உதவியோடு ஃபிஃபா ஆடியவர்களுக்கு கேம்பேடு எட்டாத பொருள், கீபோர்டுதான் கருவி. வலக்கை அம்புக்குறி விசைகளில் இருக்க, இடக்கையில் எஸ் பாஸுக்கு, டி ஷாட்டுக்கு, ஏ உயரப் பந்துக்கு, டபிள்யூ த்ரூ பாஸுக்கு, இ வேகமாக ஓடுவதற்கு. குறுக்குத் திசையில் விரைந்து ஓடியபடியே ஷாட் அடிக்க வேண்டுமானால் இரண்டு அம்புகள், இ, டி என நான்கு விசைகளை ஒருசேர அழுத்த வேண்டும். விலை குறைந்த கீபோர்டுகள் பல, சில விசைகளைச் சேர்த்து அழுத்தும்போது அவற்றில் ஒன்றைப் பதிவு செய்யாமல் விட்டுவிடும். உலகம் 360 பாகையைப் பேசிக்கொண்டிருந்தபோது இங்குள்ள கைகள் எட்டுத் திசைகளுக்குள்ளேயே கோல் போடும் வழிகளைக் கண்டுபிடித்துப் பழகின. அந்தப் பழக்கத்தைக் குறைபாடு என்று ஒதுக்குவது நியாயமன்று. தடையைக் கணக்கில் கொண்டு கையை வளர்த்துக்கொள்வதும் திறமையே.

இந்தியக் கால்பந்து இந்த ஆட்டங்களுக்குள் நுழைந்தது தாமதமாகத்தான். 2021இல் வெளியான ‘ஃபிஃபா 22’ ஆட்டத்தில் இந்தியன் சூப்பர் லீகின் 11 அணிகளும், அவற்றுள் ஒன்றாகச் சென்னையின் எஃப்சியும் இடம்பெற்றன. ஆனால் அந்த அணி ஆடும் ஜவாஹர்லால் நேரு விளையாட்டரங்கம் அதில் இல்லை. வடசென்னையின் வியாசர்பாடி போன்ற கால்பந்துப் பகுதிகளின் ஆட்டமும் அதில் இல்லை. மழையில் நனைந்த புல்லில் பந்து எப்படி வழுக்கும் என்று கணக்கிடும் மென்பொருள்கள், புல்லில்லாத கட்டாந்தரையில் சிறு கல் பட்டுப் பந்து தாறுமாறாக எழும்புவதைக் கணக்கிட்டதில்லை. அவை மெய்ம்மை என்று சொல்வது ஐரோப்பியப் புல்வெளியின் மெய்ம்மையையே. 2023இல் ஹாங்சோ ஆசிய விளையாட்டுப் போட்டியில் இ-ஸ்போர்ட்ஸ் பதக்கப் போட்டியாக நடந்தபோது, கால்பந்துப் பிரிவில் இந்தியாவின் சார்பில் சரண்ஜோத் சிங்கும் கர்மன் சிங் டிக்காவும் ஆடியதும் அந்தப் புல்வெளியில்தான்.

செல்போன் இந்தக் கதையைப் பெருநகருக்கு வெளியே கொண்டுவந்தது. 2016க்குப் பிறகு இணையக் கட்டணம் சரிந்ததும், தமிழ்ச் சமணர்களின் மடம் அமைந்துள்ள மேல்சித்தாமூர் போன்ற செஞ்சிப் பக்கத்து ஊர்களுக்கும், கேம்பேடு விற்கும் கடை ஒன்றுகூட வருவதற்கு முன்பே, கால்பந்து ஆட்டங்கள் நேராகக் கைக்கு வந்துவிட்டன. தொடுதிரையில் அழுந்தும் பட்டன் இல்லை. விரல் எங்கே இருக்கிறது என்பதைத் தடவி உணர முடியாது, பார்த்தால் ஆட்டத்தை மறைக்கும். இதற்கு ஈடாகக் கொனாமியின் கைப்பேசி ஆட்டம் இரண்டு முறைகளைத் தருகிறது: ஒன்று திரையில் வரையப்பட்ட பட்டன்கள், மற்றொன்று விரலைத் தட்டினால் பாஸ், சுண்டி இழுத்தால் ஷாட் என்னும் முறை. இரண்டிலும் யாருக்குப் பாஸ், எவ்வளவு வேகத்தில் என்பவற்றில் இயந்திரத்தின் துணை கேம்பேடில் ஆடுவதைவிடக் கூடுதலாகத் தேவைப்படுகிறது. ‘கிக் ஆஃப்’ ஆடுபவரின் கையில் விட்ட வேலைகளில் ஒரு பகுதியை இந்தக் கண்ணாடித் திரை மீண்டும் இயந்திரத்திடம் ஒப்படைத்திருக்கிறது.