காலடியில் ஒரு சரித்திரம்

1888-ம் வருடம் என்றால் நமக்கு உடனே ஞாபகத்துக்கு வருபவர், திருத்தணியில் பிறந்த டாக்டர் ராதாகிருஷ்ணன். பிற்பாடு ஜனாதிபதியானவர். அவர் பிறந்ததற்கு முந்தைய மாதம், ஆகஸ்ட்டில், ஜெர்மனியில் ஒரு பெண்மணி செய்த காரியம் அவ்வளவாக யாருக்கும் தெரியாது!

அவர் பெயர் பெர்த்தா பென்ஸ். கணவர் கார்ல் பென்ஸ் கண்டுபிடித்த மூன்று சக்கர மோட்டார் வண்டியை வாங்க ஆளில்லை. பார்த்தார் பெர்த்தா. கணவரிடம் ஒரு வார்த்தை சொல்லாமல், இரண்டு பிள்ளைகளையும் ஏற்றிக்கொண்டு, மான்ஹைமிலிருந்து நூறு கிலோமீட்டருக்கு மேல் தள்ளியிருந்த அம்மா வீட்டுக்கு வண்டியை ஓட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார்! உலகத்தின் முதல் நெடுந்தூர கார் பயணம் அதுதான்.

ஏற்றம் வந்தால் பிள்ளைகள் இறங்கித் தள்ளினார்கள். ஆனால் இறக்கத்தில்? மரக்கட்டை பிரேக் தேய்ந்துகொண்டே வந்தது. பெர்த்தா அசரவில்லை. வழியில் ஒரு கிராமத்தில் செருப்பு தைப்பவரைப் பிடித்து, அந்தக் கட்டையின் மேல் தோலை வைத்து ஆணி அடிக்கச் சொன்னார். பிரேக் லைனிங் பிறந்த கதை இது. தேய்ந்துபோகும் ஒரு சின்னத் துண்டை மாற்றினால் ஒரு பெரிய வண்டியைக் காப்பாற்றலாம் என்று முதலில் கண்டுகொண்டவர் ஒரு குடும்பப் பெண்தான்!

அது சரி, பிரேக்கைக் காலால் மிதிக்கிறோமே, அந்தப் பழக்கம்? அதற்குக் கொஞ்ச காலம் ஆனது. 1908-ல் வந்த ஃபோர்டு 'மாடல் டி' காரிலும் மூன்று பெடல்கள் உண்டு. ஆனால் நடுவில் இருந்தது ரிவர்ஸ்! ஆக்சிலேட்டரோ ஸ்டியரிங் பக்கத்தில், கையால் இழுப்பது. இன்றைய டிரைவர் அதில் உட்கார்ந்தால் தெருவே கதிகலங்கிப் போகும். கிளட்ச், பிரேக், ஆக்சிலேட்டர் என்கிற இன்றைய வரிசையைக் கொண்டுவந்தது 1916-ம் வருடத்து காடிலாக் கார். 1922-ல் இங்கிலாந்தில் வந்த சின்ன ஆஸ்டின் கார், அதை எல்லோருக்கும் பழக்கமாக்கியது.

பெடல் என்பது இரும்பு. ஈரச் செருப்போடு மிதித்தால் வழுக்கும். அதற்குச் சட்டை போட்டுவிட்ட மாதிரி வந்ததுதான் ரப்பர். அந்த ரப்பருக்குப் பின்னால் இருக்கும் கதை லேசானதல்ல. 1839-ல் சார்லஸ் குட்இயர் என்ற அமெரிக்கர், ரப்பரோடு கந்தகம் சேர்த்துச் சூடுபடுத்தினால் அது வெயிலில் பிசுபிசுக்காது, குளிரில் விறைக்காது என்று கண்டுபிடித்தார். அந்த மனிதர் 1860-ல் கடனாளியாகவே செத்தார்! 1876-ல் ஹென்றி விக்காம் என்ற ஆங்கிலேயர் பிரேசிலிலிருந்து சுமார் 70,000 ரப்பர் விதைகளை லண்டனுக்குக் கொண்டுபோனார். முளைத்தவற்றில் பெரும்பகுதி கப்பலேறி இலங்கைக்கு வந்தது. பிறகு மலேயாவில் காடு காடாக ரப்பர் வளர்ந்தது. அங்கே விடியும் முன் எழுந்து, பால் மரம் வெட்டியவர்கள் யார்? பெரும்பாலும் நம் தமிழ்நாட்டிலிருந்து கப்பலேறிப் போன ஏழை ஜனங்கள். உங்கள் காலடியில் கிடக்கும் ரப்பரில் அவர்களுடைய வியர்வையும் கலந்திருக்கிறது.

இனி திருத்தணிக்கு வருவோம். 1957-ல் நம் நாட்டில் அம்பாசடர் கார் வந்தது. மூன்றே வருடத்தில், 1960 ஏப்ரல் 1-ம் தேதி, ஆந்திராவிலிருந்து திருத்தணி நம்மோடு சேர்ந்தது. ம.பொ.சி. போன்றவர்கள் போராடிப் பெற்ற ஊர் அது. அம்பாசடர் உற்பத்தி 2014-ல் நின்றுவிட்டது. ஆனாலும் ஆசையாக வைத்து ஓட்டுபவர்கள் இன்னும் இருக்கிறார்கள். முருகனைப் பார்க்க 365 படி ஏற முடியாதவர்களுக்கு மலைக்கு ரோடும் இருக்கிறது.

ஏறுவது எஞ்சின் கவலை. இறங்குவது உங்கள் கால் கவலை! பழைய அம்பாசடரில் பவர் பிரேக் கிடையாது. அழுத்தம் முழுவதும் காலிலிருந்துதான் வரவேண்டும். மழை நாளில், வழவழவென்று தேய்ந்த ரப்பரில் கால் வழுக்கினால்? பக்கத்திலேயே ஆக்சிலேட்டர் இருக்கிறது. மேலே சொல்ல வேண்டுமா?

ஆகவே, மாதம் ஒரு முறை குனிந்து பாருங்கள். கோடுகள் அழிந்துவிட்டதா, ஓரம் கிழிந்து ஆடுகிறதா, வெடிப்பு விட்டிருக்கிறதா என்று கவனியுங்கள். ஓடாமல் ஷெட்டில் நிற்கும் காரிலும் ரப்பர் கெடும். காற்றே அதை மெதுவாகத் தின்றுவிடும்.

மாற்றுவது கஷ்டமில்லை. பழசை உரித்துவிட்டு, இரும்பில் இருக்கும் துருவைச் சுரண்டித் துடையுங்கள். புது ரப்பரை வெந்நீரில் சற்று ஊறவைத்தால் இளகிக் கொடுக்கும். உள் விளிம்பில் கொஞ்சம் சோப்புத் தண்ணீர் தடவி, ஒரு பக்கம் மாட்டி, சுற்றிலும் இழுத்து விடுங்கள். நாலு ஓரமும் இரும்பைக் கவ்வியிருக்கிறதா என்று பார்த்து, ஈரத்தைச் சுத்தமாகத் துடைத்துவிடுங்கள். கிரீஸ், எண்ணெய், டாஷ்போர்டுக்குப் போடும் பாலிஷ் எதுவும் பெடல் பக்கமே வரக்கூடாது! பளபளப்பு கண்ணுக்கு அழகு, காலுக்கு ஆபத்து. ஸ்பேர் பார்ட்ஸ் கடையில் உங்கள் கார் மாடலைச் சொல்லிக் கேளுங்கள். அளவு பொருந்தாததை வாங்கிக் கம்பியால் கட்டும் வேலையெல்லாம் வேண்டாம்.

இன்னொரு விஷயம். பழைய கார் வாங்கப் போகிறீர்களா? கிலோமீட்டர் காட்டும் மீட்டரைத் திருப்பி வைக்கத் தெரிந்தவர்கள் உண்டு. பெடல் ரப்பரைத் திருப்பி வைக்க முடியாது! மீட்டர் இருபதாயிரம் என்று சொல்லி, ரப்பர் தேய்ந்து இரும்பு எட்டிப் பார்த்தால், நீங்கள் ரப்பரை நம்புங்கள். 'குறைவாகத்தான் ஓடியது' என்ற காரில் பெடல் ரப்பர் மட்டும் புத்தம் புதிதாக இருந்தாலும் ஏன் என்று ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

சூரனை வென்ற முருகன் கோபம் தணிந்து நின்ற இடம் என்பதால் அது தணிகை என்பார்கள். அந்த மலையிலிருந்து இறங்கும்போது வண்டியின் வேகமும் தணிய வேண்டாமா? அதற்கு உள்ளங்கை அகல ரப்பர் ஒன்று நன்றாக இருந்தால் போதும்.